கடல்மீன் தொட்டியும் அதன் அடித்தொட்டியும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் பழக்கம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல இல்லங்களில் உண்டு; பள்ளிகளின் அறிவியல் அறைகளிலும் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை நன்னீர் மீன்கள். கடல்மீன் வளர்ப்போ வேறு வகையது. செம்மஞ்சள் உடலில் வெண்பட்டை தாங்கிய கோமாளி மீன்களை ஆசையோடு வாங்கி வந்து, உப்பு நீரில் விட்டு, ஒரு திங்களுக்குள் அவற்றை இழந்து, 'கடல்மீன் வீட்டில் வாழாது' என்று முடிவு கட்டியோர் பலர். அம்முடிவு தவறானது. மீன் மடிந்தது மீனின் குறையால் அன்று, நீரின் குறையால். அந்நீரைக் காக்கும் அமைப்புகளுள் தலையாயது 'சம்ப்' என்று வழங்கும் அடித்தொட்டி. அஃது யாது, எங்ஙனம் இயங்குகிறது, அதனைக் கட்டுவதும் பேணுவதும் எவ்வாறு என்பனவற்றை இக்கட்டுரை முறையாக விளக்கும்.

சொல்லும் பொருளும்

'சம்ப்' என்னும் ஆங்கிலச் சொல் முதலில் சதுப்பு நிலத்தைக் குறித்தது. பின்னர்ச் சுரங்கங்களில் நீர் வடிந்து சேரும் பள்ளத்துக்கு அது பெயராயிற்று. பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் சிறந்திருந்த காலத்தை அறிந்த முதியோர்க்கு இப்பொருள் எளிதில் விளங்கும். நீரைப் பீய்ச்சி உடைக்கப்பட்ட மண் சேறாகி ஓடிக் குழியின் அடியிலுள்ள பள்ளத்தில் சேரும். அங்கிருந்து பம்பு அதனைப் 'பாலோங்' என்னும் உயர்ந்த சாய்தளத்துக்கு ஏற்றும். அங்கே கனமான ஈயமணல் தங்கிவிட, ஏனையது வழிந்து செல்லும். தாழ்ந்த இடத்தில் சேர்த்தல், வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தல், மேலே ஏற்றுதல் ஆகிய மூன்று வினைகளே மீன்தொட்டியின் சம்புக்கும் உரியவை. காட்சித் தொட்டியின் அடியில் அமைவதால் தமிழில் இதனை அடித்தொட்டி எனலாம்.

வரலாற்றுச் சுருக்கம்

1853-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்கள் காணும் மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்பார் கடல்வாழ் உயிர்களைத் தொட்டியில் வளர்ப்பது பற்றி நூல் எழுதி, அக்கலையை இல்லங்களுக்குக் கொண்டு சென்றார். ஆயினும் தேங்கிய நீரில் உயிர்கள் விரைவில் மடிந்தன. 1871-இல் இலண்டன் படிகமாளிகையில் வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு அமைத்த மீன்காட்சிச் சாலையில் ஒரு புதுமை இருந்தது. காட்சித் தொட்டிகளின் கீழே, இருளில், அவற்றைவிடப் பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை அவர் கட்டினார். நீராவிப் பொறியின் துணையால் நீர் ஓயாமல் மேலேறிக் கீழிறங்கியது. இன்றைய அடித்தொட்டியின் முன்னோடி அதுவே எனலாம்.

இவ்வட்டாரத்தின் பங்கும் சிறிதன்று. ஜக்கார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், உயிர்கள் குடியேறிய பவளப்பாறைத் துண்டுகளைத் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்திக் கடலுயிர்களை வாழவைக்கும் முறையை 1961-இல் வெளியிட்டார். 'உயிர்ப்பாறை' என்று இன்று உலகெங்கும் கூறப்படுவது அம்முறையின் வழிவந்ததே. சிங்கப்பூரில் 1955-இல் திறக்கப்பட்டு 1991 வரை நடந்த வான் கிளீஃப் மீன்காட்சிச் சாலை, இரு தலைமுறை மாணவர்க்குக் கடல்மீன்களைக் கண்ணெதிரே காட்டியது.

நீரில் நிகழும் மாற்றம்

அடித்தொட்டியின் தேவையை உணர, மீன் வாழும் நீரில் நாளும் நிகழ்வதை அறிதல் வேண்டும். மீன் உண்கிறது, கழிக்கிறது, செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகிறது. உண்ணாமல் எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. அம்மோனியா நஞ்சு. அதன் நச்சு வடிவின் அளவு நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. பிஎச் எனப்படும் குறியீடு ஒன்று கூடினால் நச்சு வடிவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். நன்னீர்த் தொட்டி பெரும்பாலும் 7-ஐ ஒட்டியும், கடல்நீர் 8.1 முதல் 8.3 வரையிலும் இருப்பதால், நன்னீரில் மீன் தாங்கக்கூடிய அழுக்கே கடல்நீரில் அதனைக் கொன்றுவிடும்.

இந்நஞ்சை மாற்றுவோர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது தீமை குறைந்தது. இவ்வினை நுண்ணுயிரால் நிகழ்வதை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி நிறுவினார். அண்மைக் காலத்தில் மேலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. அம்மோனியாவை மாற்றும் வினையில் பாக்டீரியா மட்டுமன்றி, 'ஆர்க்கியா' என்னும் தொன்மை நுண்ணுயிர்க்கும் பங்குண்டு என்பது 2005-இல் மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வுயிர் பிரித்தெடுக்கப்பட்ட இடம், அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சிச் சாலையிலிருந்த ஒரு கடல்நீர்த் தொட்டி!

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவன அல்ல. பாறை, மணல், கண்ணாடி ஆகியவற்றின் பரப்பில் ஒட்டி வாழ்வன. அவற்றுக்கு உயிர்வளி மிகுந்த நீரோட்டம் வேண்டும். ஆதலின் பரப்பும் ஓட்டமும் மிகுந்த இடம் ஒன்றை அவற்றுக்கு அமைத்துத் தருவதே வடிகட்டும் கலையின் அடிப்படை. அடித்தொட்டி அவ்விடமாகும். அதனால் விளையும் பிற நன்மைகளும் உள: நீரின் மொத்த அளவு கூடுகிறது, கருவிகள் காட்சியைக் கெடுக்காமல் மறைகின்றன, மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம் வழிந்து கீழிறங்குகிறது, நீர் விழுந்து எழுகையில் உயிர்வளி கலக்கிறது.

அளவும் அமைப்பும்

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குதல் நலம். காட்சித் தொட்டியின் உள்ளளவு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்க. நீர் 42 செ.மீ. உயரம் நிற்குமாயின் அதன் அளவு ஏறத்தாழ 227 லிட்டர். அடித்தொட்டியின் உள்ளளவு 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். அதில் நீர் 22 செ.மீ. வரை நிற்கும், அளவு ஏறத்தாழ 58 லிட்டர். இரண்டும் சேர்ந்து, பாறையின் இடம் சிறிது கழிய, 280 லிட்டர் எனக் கொள்ளலாம்.

காட்சித் தொட்டியின் ஒரு மூலையில் பற்கள் வெட்டிய சிறு தடுப்பு ஒன்று நிறுத்தப்படும். நீர் அப்பற்களின் வழியே வழிந்து, அடியில் துளையிட்டுப் பொருத்திய இறங்குகுழாய் வழியாகக் கீழே வரும். இறங்குகுழாய் ஒன்று அடைபடினும் நீர் வழிய, இரண்டாவது குழாய் ஒன்று சற்று உயர்த்தி வைக்கப்படல் வேண்டும். வெப்பத்தால் கடினமாக்கப்பட்ட கண்ணாடியைத் துளையிட்டால் நொறுங்கிவிடும். ஆதலின் தொட்டி வாங்கும்போதே அதனைக் கேட்டறிதல் வேண்டும்.

அடித்தொட்டி மூன்று அறைகளாகப் பிரிக்கப்படும். 25 செ.மீ. நீளமுள்ள முதல் அறையில் மேலிருந்து வரும் நீர் ஒரு துணிப்பைக்குள் விழும். இரைத்துணுக்குகளையும் கழிவுகளையும் அப்பை தடுத்து நிறுத்தும். அதே அறையில் நுரைபிரிப்பான் நிற்கும். கடற்கரையில் அலை மோதும்போது மஞ்சள் நுரை திரள்வதைக் காணாதார் இலர். உயிர்களின் கழிவிலுள்ள புரதம் முதலியன காற்றுக் குமிழியின் பரப்பில் ஒட்டுவதே அதற்குக் காரணம். நுரைபிரிப்பான் இதனையே செயற்கையாகச் செய்கிறது. நுண்குமிழிகளை எழுப்பி, அழுக்கு நுரையை மேலுள்ள கிண்ணத்தில் சேர்க்கிறது. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் நுண்ணியவாய் நிற்பதால் இக்கருவி கடல்நீரில் நன்கு இயங்குகிறது. நன்னீரில் அங்ஙனம் இயங்குவதில்லை. கழிவு அழுகி அம்மோனியாவாவதற்கு முன்பே அதனை அகற்றுவது இதன் சிறப்பு.

ஏறத்தாழ 21 செ.மீ. நீளமுள்ள இரண்டாம் அறை உயிர்ப்பாறைக்கும் பச்சைக் கடற்பாசிக்கும் உரியது. பாறையின் வெளிப்பரப்பில் முற்கூறிய நுண்ணுயிர்கள் வாழும். உயிர்வளி எட்டாத உட்துளைகளில் வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வளியாக வெளியேற்றும். கடற்பாசியோ நைட்ரேட்டை உணவாகக் கொண்டு வளரும். அதற்குத் தனி விளக்கு வேண்டும். மேல்தொட்டி விளக்கு அணைந்த இரவில் அவ்விளக்கை எரிப்பது வழக்கம். பாசி ஒளியில் கரிவளியை உட்கொள்வதால், இரவில் பிஎச் குறைவது அதனால் ஓரளவு தடைப்படும்.

இரண்டாம் அறைக்கும் மூன்றாம் அறைக்கும் இடையே மூன்று கண்ணாடித் தடுப்புகள் 3 செ.மீ. இடைவெளியில் நிற்கும். முதலும் மூன்றாவதும் அடியில் ஒட்டி 22 செ.மீ. உயரம் உள்ளவை, நடுத்தடுப்பு அடியிலிருந்து 3 செ.மீ. தூக்கி ஒட்டப்பட்டு, மேலே நீர்மட்டத்துக்கு உயர்ந்து நிற்கும். நீர் ஒன்றின் மேலேறி, மற்றொன்றின் கீழே புகுந்து, மூன்றாவதன் மேல் வழியும். மணிக்கு 1,000 லிட்டர் ஓடினும் இவ்விடைவெளியில் நீரின் வேகம் நொடிக்கு 3 செ.மீ.க்கும் குறைவே. ஆதலின் குமிழிகள் நீரோடு கீழே செல்லாமல் மேலெழுந்து உடைந்துவிடும். இவ்வமைப்பு இன்றேல் காட்சித் தொட்டி முழுதும் குமிழியால் மங்கும்.

மூன்றாம் அறையின் நீளம் 20 செ.மீ. நீரை மேலேற்றும் பம்பு இங்கே இருக்கும். காட்சித் தொட்டியின் அளவைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீர் ஒரு மணியில் சுற்றினால் போதும். மேற்கூறிய தொட்டிக்கு 700 முதல் 1,100 லிட்டர் எனலாம். பம்பின் மேல் அச்சிட்ட அளவு, நீரை உயரத்துக்கு ஏற்றாத நிலைக்கு உரியது. ஏற்றும் உயரம் கூடக்கூட அளவு குறையும். ஆகவே பம்போடு வரும் அட்டவணையில் ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்குரிய அளவை நோக்கி வாங்குதல் வேண்டும்.

கட்டும் முறை

6 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடி இவ்வடித்தொட்டிக்குப் போதும். விளிம்புகளைத் தேய்த்து மழுக்கி, ஒட்டுமிடத்தை ஆல்கஹாலால் துடைத்து, மீன்தொட்டிக்கு உரிய சிலிக்கோன் பசையால் ஒட்டவேண்டும். குளியலறைக்கென விற்கும் பசையில் பூஞ்சையைக் கொல்லும் மருந்து கலந்திருக்கும். அது மீனுக்கும் கேடு. முதலில் வெளிப்பெட்டியையும் பின்னர்த் தடுப்புகளையும் ஒட்டி, ஒரு கிழமை உலரவிட்டு, நன்னீர் நிரப்பி ஓர் இரவு கசிவு நோக்குதல் வேண்டும். குழாய்கள் பி.வி.சி.யால் ஆனவையாக இருக்கட்டும். செம்போ பித்தளையோ நீரில் படலாகாது; செம்பு பவளம், இறால் முதலிய முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும்.

மின்சாரம் நிற்கும்போது

அடித்தொட்டி வைத்தோர் பலர் தரை முழுதும் உப்புநீர் பரவக் கண்டு அதனைக் கைவிட்டதுண்டு. இதற்குக் காரணம் கணக்கின்மையே. 'வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்' என்னும் பழமொழி ஈண்டு சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும். மேலே நீரைக் கொண்டு சென்ற ஏற்றுகுழாய் அப்போது சைபன் குழாயாக மாறி, தன் வாய் நீரில் மூழ்கியுள்ள அளவுக்கு நீரைக் கீழே இழுக்கும். காட்சித் தொட்டியின் பரப்பு 120 × 45 = 5,400 சதுர செ.மீ.; எனவே ஒவ்வொரு செ.மீ. நீருக்கும் 5.4 லிட்டர் இறங்கும். குழாய்களிலும் வழிதடுப்பிலும் நின்ற நீர் 5 லிட்டர் எனக் கொள்க. குழாயின் வாய் 2 செ.மீ. மூழ்கியிருந்தால் இறங்குவது 10.8 + 5 = 15.8 லிட்டர். அடித்தொட்டியில் 22 செ.மீ.க்கு மேல் எஞ்சியுள்ள இடம் 75 × 35 × 18 = 47,250 கன செ.மீ., அதாவது 47 லிட்டர். தீங்கில்லை. குழாயின் வாய் 10 செ.மீ. மூழ்கியிருந்தாலோ இறங்குவது 54 + 5 = 59 லிட்டர். இடம் 47 லிட்டரே. எஞ்சிய 12 லிட்டர் தரையில்தான் ஓடும்.

ஆகவே ஏற்றுகுழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டி வைப்பதோடு, மட்டத்துக்குச் சற்றுக் கீழே அக்குழாயில் 4 மி.மீ. துளை ஒன்றும் இடவேண்டும். நீர் அத்துளை வரை இறங்கியதும் காற்றுப் புகுந்து சைபன் அறுந்துவிடும். நீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வை நம்புதல் தகாது. சுண்ணமும் உப்பும் படிந்து, வேண்டிய நாளில் அது மூடாது.

எதிர்மாறான இடர் ஒன்றும் உண்டு. இறங்குகுழாய்கள் அடைபட்டால் பம்பு மூன்றாம் அறையின் நீர் முழுவதையும் மேலேற்றிவிடும். அவ்வறையின் நீர் 20 × 35 × 20 = 14,000 கன செ.மீ., அதாவது 14 லிட்டர். காட்சித் தொட்டியில் விளிம்புவரை எஞ்சிய 3 செ.மீ. இடம் 16.2 லிட்டர் கொள்ளும். எனவே மேல்தொட்டி வழியாது. மூன்றாம் அறையைச் சிறிதாக அமைப்பதன் காரணம் இதுவே. கொள்ளளவு கற்பிக்கும் ஆசிரியர்க்கு, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர் முன் வைக்க இதனினும் நல்ல கணக்குக் கிடைப்பது அரிது.

உப்பும் நீரும்

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. 280 லிட்டரில் 9,800 கிராம். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றவேண்டும். நாளும் 4 லிட்டர் ஆவியாகிறது எனக் கொண்டு, அறியாமையால் ஒருவர் உப்புநீரையே ஊற்றினால், நாளொன்றுக்கு 140 கிராம் உப்பு கூடும். ஒரு கிழமையில் 980 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு மிகும். மீன் அதனை நெடுநாள் தாங்காது.

வழிதடுப்பும் கண்ணாடித் தடுப்புகளும் ஏனைய மட்டங்களை நிலையாக வைப்பதால், ஆவியான நீரின் குறைவு மூன்றாம் அறையில் மட்டுமே தெரியும். 4 லிட்டர் குறைந்தால் அங்கே மட்டம் ஏறத்தாழ 5.7 செ.மீ. இறங்கும், மூன்று நாள் கவனியாவிடில் பம்பு காற்றை இழுக்கும். அவ்வறையின் கண்ணாடியில் ஒரு கோடு இட்டு, நாள்தோறும் அக்கோடு வரை நன்னீர் ஊற்றுதல் எளிய வழி.

குழாய் நீரிலுள்ள குளோரின் மீனுக்கும் நுண்ணுயிர்க்கும் நஞ்சு. சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோரமின்; அது வாளியில் ஓரிரவு வைத்தாலும் நீங்காது. உரிய மருந்து இட்டோ, சவ்வூடு வடித்த நீரைக் கொண்டோ இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

தொடங்கும் முறையும் பேணும் முறையும்

தொட்டி நிறைந்த அன்றே மீன் விடுதல் பெரும் பிழை. நுண்ணுயிர் பெருக நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். உயிர்ப்பாறையை இட்டு, நீரைச் சுற்றவிட்டு, அம்மோனியாவின் ஊற்றாகச் சிறிது இரையை இட்டு வரவேண்டும். சோதனைக் குப்பிகளால் அளந்தால் அம்மோனியா முதலில் ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட்டு ஏறி இறங்கும். இரண்டும் சுழியாகி நைட்ரேட்டு மட்டும் தோன்றிய பின்னரே முதல் மீன் ஒன்றோ இரண்டோ விடலாம்.

பின்னர்ச் செய்யும் பணிகள் சில. துணிப்பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். அழுக்கு நிறைந்த பை அங்கேயே அழுகினால், அது வடிகட்டி அன்று; நஞ்சூற்று. நுரைபிரிப்பானின் கிண்ணத்தையும் கழுத்தையும் கிழமைக்கு இருமுறை துடைத்தல் வேண்டும். கழுத்தில் கொழுப்புப் படிந்தால் நுரை ஏறாது. பாசி அடர்ந்தால் ஒரு பகுதியை அரிந்து எறிதல் வேண்டும். எறியப்படும் பாசியோடு நைட்ரேட்டும் வெளியேறும். பம்பை மூன்று திங்களுக்கு ஒருமுறை, மின்தொடர்பை நீக்கிய பின், காடி கலந்த நீரில் ஊறவைத்தால் சுண்ணப்படிவு கரையும். உயிர்ப்பாறையைக் குழாய் நீரில் கழுவலாகாது. தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரிலேயே அலசுதல் வேண்டும்.

கிழமைதோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் நன்று. ஆயினும் நீர்மாற்றம் ஒன்றே போதும் என எண்ணுதல் கூடாது. கிழமைக்கு லிட்டருக்கு 5 மி.கி. நைட்ரேட்டு சேர்ந்து, அதில் பத்தில் ஒன்றே நீங்குமாயின், அளவு ஏறி ஏறி 50 மி.கி.யில்தான் நிலைகொள்ளும். பாசியும் உயிர்ப்பாறையும் அளவான இரையும் துணை நின்றாலே அது தாழும்.

இந்நாடுகளின் வெப்பமும் கருதத்தக்கது. பவளக்கடல் உயிர்க்கு 25 முதல் 27 பாகை ஏற்றது. அடித்தொட்டியின் மேல் சிறு மின்விசிறி ஒன்றைச் சுழலவிட்டால், ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும். ஊற்றவேண்டிய நன்னீரின் அளவு கூடும்.

மின்கம்பிகளைப் பொறுத்தமட்டில் சிறிதும் அசட்டை கூடாது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஒவ்வொரு கம்பியும் சுவர்ச் செருகிக்குக் கீழே வளைந்து தொங்கி மேலேறவேண்டும். அப்போது கம்பி வழியே ஒழுகும் நீர் வளைவில் சொட்டி விடும். மின்கசிவு கண்டதும் தொடர்பை அறுக்கும் காப்புக் கருவி இன்றித் தொட்டியை இயக்கலாகாது. திங்களுக்கு ஒருமுறை பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, நீர் எம்மட்டில் நிற்கிறதென நோக்குதல் வேண்டும். சைபனை அறுக்கும் துளை பாசியால் அடைபட்டதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

பொறுப்பு யாருடையது

கடல்மீன்களுள் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்தே பிடித்து விற்கப்படுகின்றன. இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளுக்கே உரிய பங்காய் கார்டினல் மீன், மீன்தொட்டி வாணிகத்துக்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டமையால், 2007-இல் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் இடம் பெற்றது. கேட்பாரற்ற தொட்டியில் மடியும் ஒவ்வொரு மீனுக்கும் ஈடாக இன்னொரு மீன் கடலிலிருந்து எடுக்கப்படும். மலேசியாவின் கடற்பூங்கா எல்லைக்குள் உயிர்களையோ பவளத்தையோ எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதை மாணவர்க்கும் உணர்த்தல் வேண்டும். கோமாளி மீன், பங்காய் கார்டினல் ஆகியவற்றைப் பண்ணையில் பெருக்கியும் விற்கின்றனர். அவற்றைத் தேர்ந்து வாங்குதல் அறிவுடைமை.

பள்ளியில் இத்தகைய தொட்டி அமைக்க எண்ணும் ஆசிரியர் முதலில் விடைகாண வேண்டிய வினா ஒன்றுண்டு: ஆண்டிறுதி விடுமுறையில் நாள்தோறும் நன்னீர் ஊற்றவும் துணிப்பை மாற்றவும் யார் வருவார்? அதற்கு ஒருவரின் பெயரைச் சொல்ல முடியுமாயின் தொட்டியைக் கட்டலாம். முடியாதாயின் நன்னீர் மீனோடு நிற்பதே மீனுக்கும் மாணவர்க்கும் நல்லது.